ஜனாஸாவுக்கு முன்னர் கூடுங்கள்

எந்த மஹல்லாவுக்கு வேண்டுமானாலும் சென்று பாருங்கள். பள்ளிவாசலின் ஒரு மூலையில் சந்தூக்கு ஆயத்தமாக வைக்கப்பட்டிருக்கும். கஃபன் துணி யாரிடம் இருக்கிறது, மையித்தைக் குளிப்பாட்டுவோர் யார், குழி வெட்டுவோர் யார் என்பதெல்லாம் ஊரில் சிறு பிள்ளைக்கும் தெரியும். நள்ளிரவில் ஒருவர் மவுத்தாகிவிட்டால் விடிவதற்குள் எல்லாம் ஒழுங்காகிவிடும். எவரையும் எவரும் கெஞ்ச வேண்டியதில்லை. ஏனெனில் அது பர்ளு கிஃபாயா. சிலர் செய்தால் அனைவர் கடனும் தீரும். ஒருவருமே செய்யாவிடில் ஊர் முழுவதும் குற்றவாளி.

இந்த ஏற்பாட்டைப் பற்றி நாம் பெருமைப்படுவதில் தவறில்லை. ஆனால் ஒரு கேள்வி நம் நெஞ்சை உறுத்த வேண்டாமா? இறந்தவரைக் குளிப்பாட்ட ஆள் வைத்திருக்கும் ஊர், இறந்துவிடலாமா என்று எண்ணித் தவிக்கும் பிள்ளையின் அருகில் அமர்ந்து பேச ஓர் ஆள் வைத்திருக்கிறதா?

சில ஆண்டுகளுக்கு முன் நான் கலந்துகொண்ட ஒரு ஜனாஸாவைச் சொல்லாமல் இக்கட்டுரையை எழுத என்னால் இயலவில்லை. ஊர்ப் பெயரும் பிள்ளையின் பெயரும் வேண்டா. வயது பதினாறு. வாப்பா சபரில் இருந்தார். இரண்டாண்டுக்கு ஒருமுறை வந்து இரண்டு மாதம் தங்கிப் போவார். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைக்குத் திடீரென்று படிப்பில் நாட்டம் குறைந்தது. காலைதோறும் வயிற்றுவலி. இரவில் உறக்கமில்லை. கூட்டாளிகளோடு பேச்சில்லை. உம்மா வயிற்றுக்கு மூன்று மருத்துவர்களிடம் காட்டினார். வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை என்றார்கள். பிறகு ஓதிப் பார்த்தார்கள், தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள், தாயத்து கட்டினார்கள். "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய்" என்றார் மாமா. ஒரே ஓர் ஆசிரியர் மட்டும், மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள் என்று சொன்னார். "மூத்தவளுக்கு நிக்காஹ் பேச்சு நடக்கும் வேளையிலா?" என்று குடும்பத்துப் பெரியவர்கள் உம்மாவின் வாயை அடைத்துவிட்டார்கள். ஐந்து மாதம் இப்படிக் கழிந்தது. ஒரு நாள் அந்தப் பிள்ளை தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான்.

அன்று அஸருக்குப் பிறகு பள்ளிவாசலில் ஒரு விவாதம் தொடங்கியது. இப்படி இறந்தவனுக்கு ஜனாஸாத் தொழுகை உண்டா, இல்லையா? கிதாபுகள் எடுத்து வரப்பட்டன. குரல்கள் உயர்ந்தன. தொழ வைக்கவேண்டும் என்பதே பெரும்பாலான இமாம்களின் தீர்ப்பு என்று ஹஸரத் எடுத்துக்காட்டிய பிறகும் சிலர் முணுமுணுத்தார்கள். மஃரிபு நெருங்கும் வேளையில்தான் ஸஃப்பு கட்டப்பட்டது. அந்த ஸஃப்பில் நின்றவர்களில் நானும் ஒருவன். தக்பீர் கட்டியபோது ஓர் எண்ணம் என்னைக் குத்தியது. அந்தப் பிள்ளையைக் குறித்து ஊர் ஒன்றுகூடிச் செலவழித்த முதல் நேரம் அதுதான். ஐந்து மாதத்தில் ஒருமுறைகூடக் கூடாத நாம், அவனுக்கு எதுவும் பயன்படாத அந்த மாலையில் கூடி நின்று வழக்காடினோம்.

இது ஒரு வீட்டின் துயரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2015-16 ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடைபெற்ற தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனநலக் கோளாற்றுக்கு ஆளாகியிருப்பதைக் கண்டது. இந்தக் கணக்கை நம் வாசலில் வைத்துப் பாருங்கள். அவ்வயதில் இருநூறு பிள்ளைகள் உள்ள மஹல்லாவில் பதினான்கு பேர். அந்தப் பதினான்கு பேரும் நம் தெருவில்தான் நடக்கிறார்கள். நம் மத்ரஸாவில்தான் ஓதுகிறார்கள். அவர்களின் பெயர் நமக்குத் தெரியும். அவர்கள் படும் பாடு மட்டும் தெரியாது.

தெரியாமைக்குக் காரணம் அறியாமை மட்டுமன்று. அறிய மறுப்பதற்கு நாம் சில நியாயங்களைக் கட்டி வைத்திருக்கிறோம். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதல் நியாயம்: "ஈமான் உள்ளவனுக்கு மனநோய் வருமா?" இதைச் சொல்பவர்கள் மார்க்கத்தைத் தாங்கிப் பிடிப்பதாக எண்ணுகிறார்கள், உண்மையில் மார்க்கத்திற்கு எதிராகவே பேசுகிறார்கள். யூசுஃப் (அலை) அவர்களைப் பிரிந்த துயரில் யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் பார்வை இழந்து வெளுத்துப் போனதைக் குர்ஆன் கூறுகிறது. நபியின் ஈமானில் குறை கண்டவர் எவரேனும் உண்டா? மர்யம் (அலை) அவர்கள் பிரசவ வேதனையில், இதற்கு முன்னரே இறந்திருக்கலாகாதா என்று கலங்கியதையும் அதே வேதம் மறைக்கவில்லை. அன்னை கதீஜா (ரலி) அவர்களும் அபூதாலிபும் மறைந்த ஆண்டைத் துயர ஆண்டு என்றே ஸீரா ஆசிரியர்கள் குறித்திருக்கிறார்கள். அதற்கும் மேலாக, சித்தம் பேதலித்தவர் மீது மார்க்கக் கடமை இல்லை என்பது ஃபிக்ஹின் அடிப்படைகளில் ஒன்று. மனநோயைப் பாவமாகக் கருதியிருந்தால் ஷரீஅத் அதற்கு விலக்கு அளித்திருக்குமா? நோயென்று கண்டதனாலன்றோ விலக்கு அளித்தது! பதினாறு வயதுப் பிள்ளையிடம் "உனக்கு ஈமான் பலவீனம்" என்று சொல்வது மருந்தாகாது. ஏற்கனவே தன்னைத் தானே வெறுத்துக்கொண்டிருப்பவனிடம், இறைவனும் உன்னை வெறுக்கிறான் என்று சொல்வதற்கே அது ஒப்பாகும்.

இரண்டாம் நியாயம்: "ஓதிப் பார்த்தால் போதும்." குர்ஆனை ஓதுவதை இங்கே எவரும் மறுக்கவில்லை. கலங்கிய நெஞ்சுக்கு அது ஆறுதல் என்பது நம் நம்பிக்கை. ஓதுவதோடு நிறுத்திக்கொள்வதையே மறுக்கிறோம். நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவியவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். காய்ச்சலுக்கு ஓதிவிட்டு மாத்திரையும் வாங்குகிறோம். கால் ஒடிந்தால் ஓதிவிட்டுக் கட்டும் போடுகிறோம். மனத்திற்கு மட்டும் ஏன் பாதி வழியில் நின்றுவிடுகிறோம்? அதனினும் கொடுமை, ஜின்னை விரட்டுவதாகச் சொல்லி அடிப்பதும் கட்டிப் போடுவதும்.

இவ்வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று இருக்கிறது. 2001 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6 ஆம் நாள் ஏர்வாடியில் தனியார் நடத்திய மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட வழியின்றி வெந்தார்கள். இருபத்தெட்டு உயிர்கள் போயின. அவர்களை அங்கே கொண்டு வந்து விட்டவை பகைவர்களின் கைகளல்ல. பெற்றோர், உடன்பிறந்தோர் கைகள். தர்காவை நாடி வந்தவர்களுள் முஸ்லிம் அல்லாதாரும் பலர். அந்தத் தீ நாட்டையே உலுக்கியது. அந்தக் காப்பகங்கள் மூடப்பட்டன. 2017 ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோயாளி எவரையும் எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என்று தடுத்தது. இரும்புச் சங்கிலியைச் சட்டம் அறுத்துவிட்டது. நாம் வீட்டுக்குள் பூட்டும் மௌனச் சங்கிலியை எந்தச் சட்டம் அறுக்கும்?

மூன்றாம் நியாயம்: "குடும்ப மானம்." ஒரு பிள்ளை மருத்துவரிடம் போவது தெரிந்தால் அக்காளுக்கு வரன் வராதாம், தங்கைக்குப் பேச்சு முறியுமாம். இந்த அச்சம் பொய்யன்று. பெற்றவர்கள் வீணாக அஞ்சவில்லை. பெண் கேட்டுப் போகும் இடத்தில் பக்கத்து வீட்டில் விசாரிப்பவர்கள் நாம். கேட்ட செய்தியைக் கண்ணும் காதும் வைத்துப் பரப்புபவர்கள் நாம். ஆக, அந்தப் பிள்ளைக்கும் மருத்துவத்துக்கும் நடுவே நிற்கும் சுவர் அவன் பெற்றோர் எழுப்பியதன்று, நாம் எழுப்பியது. பிறர் குறையை மறைப்பவனின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்று மிம்பரில் கேட்டுவிட்டு, படியிறங்கியதும் மறந்துவிடுகிறோம். சர்க்கரை நோய்க்கு மருந்து உண்பவர் வீட்டில் சம்பந்தம் செய்ய அஞ்சாத சமுதாயம், மனச்சோர்வுக்கு மருந்து உண்டு நலம் பெற்றவர் வீட்டுக்கு அஞ்சுவது என்ன நியாயம்?

நான்காம் நியாயம்: "இதெல்லாம் மேலைநாட்டுச் சரக்கு." தம் வரலாற்றை அறியாதவர்கள் பேசும் பேச்சு இது. பத்தாம் நூற்றாண்டில் மறைந்த அபூ ஸைத் அல் பல்கீ, உடல்நலத்தையும் மனநலத்தையும் ஒரே நூலில் அடுத்தடுத்து வைத்து எழுதினார். மனத்தின் நோய்களைக் கோபம், அச்சம், துயரம், விடாது துரத்தும் தீய எண்ணம் என்று வகைப்படுத்தினார். இழப்பினால் வரும் துயரம் வேறு, காரணமின்றிக் கவிந்துகொள்ளும் துயரம் வேறு என்று அன்றே பிரித்துக் காட்டினார். 1284 இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் நிறுவிய மருத்துவமனை மனநோயாளருக்கும் இடம் தந்தது. 1354 இல் அலெப்போவில் எழுந்த அர்கூன் மருத்துவமனையில், மனநோயாளர் தங்கிய பகுதிகளில் முற்றமும் நீரூற்றும் அமைந்திருந்தன. இவற்றைத் தாங்கி நின்றது எது? வக்ஃபு சொத்து! நம் முன்னோர் வக்ஃபு செய்து நீரூற்று வைத்தார்கள். நாமோ வக்ஃபுக் கடைகளின் வாடகைக்காக வழக்கு நடத்திக்கொண்டிருக்கிறோம்.

ஐந்தாம் நியாயம்: "பணத்திற்கு எங்கே போவது? மருத்துவருக்கு எங்கே போவது?" ரமளானில் முப்பது நாளும் நோன்புக் கஞ்சி காய்ச்சி, சாதி மதம் பாராது ஊருக்கெல்லாம் வழங்கும் ஜமாஅத்துகள் இக்கேள்வியைக் கேட்கலாமா? மினாரா உயர்த்தவும் பள்ளிக்குக் குளிர்சாதனம் பொருத்தவும் பணம் திரளுகிறது. ஓர் அறைக்கும் நான்கு நாற்காலிக்கும் மட்டும் திரளாதா?

மருத்துவர் தட்டுப்பாடு மெய்தான். பிள்ளைகளுக்கென்று தனிப் பயிற்சி பெற்ற மனநல மருத்துவர்கள் நம் நாட்டில் மிகச் சிலரே. அவர்களும் பெருநகரங்களில் இருக்கிறார்கள். ஆனால் தொடக்க நிலை உதவி அனைத்திற்கும் மருத்துவர்தாம் வேண்டும் என்பதில்லை. ஜிம்பாப்வே நாட்டின் தலைநகர் ஹராரேயில், ம்பாரே என்ற ஏழை மக்கள் பகுதியில், டிக்சன் சிபாண்டா என்னும் மனநல மருத்துவர் 2006 இல் ஒரு வேலையைத் தொடங்கினார். துணைக்கு அவருக்குக் கிடைத்தவர்கள் பதினான்கு பாட்டிமார்கள். மருந்தகத்தின் முற்றத்தில் மரப்பலகை இருக்கையில் அமர்ந்து, வந்தவரின் துயரைக் கேட்டு, ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு அதற்கு வழி காண உதவ அவர்கள் பயிற்றுவிக்கப்பட்டார்கள். அந்நாட்டு மொழியில் மனச்சோர்வுக்குப் பெயர் "மிகுதியாக எண்ணுதல்" என்ற பொருள் தரும் சொல். நம் வீட்டுப் பெண்கள் "யோசிச்சு யோசிச்சே இப்படி ஆயிட்டான்" என்று சொல்வதில்லையா? 2016 இல் வெளியான ஆய்வு, அந்தப் பாட்டிமார்களின் உதவி பெற்றவர்களிடம் நோய்க்குறிகள் தெளிவாகக் குறைந்ததைக் காட்டியது.

அது பெரியவர்களுக்கானது, பிள்ளைகளுக்கு என்ன என்று கேட்பீர்களானால், நம் நாட்டிலேயே விடை உண்டு. பீகார் மாநிலம் நாளந்தா மாவட்டத்தின் எழுபதுக்கு மேற்பட்ட அரசு உயர்நிலைப் பள்ளிகளில் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2018 இல் வெளிவந்தது. ஒரு பகுதிப் பள்ளிகளில் இதற்கெனவே பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர் ஒருவர் அமர்த்தப்பட்டார். இன்னொரு பகுதியில் அதே பொறுப்பு, பாடம் நடத்தும் ஆசிரியரிடம் கூடுதல் சுமையாகக் கொடுக்கப்பட்டது. முதல் வகைப் பள்ளிகளில் மனச்சோர்வும், மாணவர் ஒருவரையொருவர் துன்புறுத்துவதும் குறைந்தன. இரண்டாம் வகையில் பயன் காணப்படவில்லை. இதில் நமக்குள்ள பாடம் என்ன? பெரிய பட்டம் கட்டாயமன்று. ஆனால் இதுவே தம் வேலை என்று அமரும் ஒருவர் கட்டாயம். ஹஸரத்தின் தலையில் பத்தோடு பதினொன்றாக இதையும் சுமத்திவிட்டுக் கை கழுவிக்கொள்ள முடியாது.

இனி, ஜமாஅத்துகள் செய்ய வேண்டியது என்ன?

மத்ரஸாவை ஒட்டி ஓர் அறை ஒதுக்குங்கள். ஜமாஅத் அலுவலகத்தின் வழியாகச் செல்லும் அறையாக அது இருத்தலாகாது. இரண்டு பெண்கள், இரண்டு ஆண்கள் என நால்வரைத் தேர்ந்தெடுங்கள். நிஸ்வான் மத்ரஸாவில் பட்டம் பெற்றுவிட்டு வீட்டில் இருக்கும் ஆலிமாக்களும், ஓய்வு பெற்ற ஆசிரியைகளும் நம் ஊர்களில் எத்தனை பேர்! 1982 இல் வகுக்கப்பட்ட தேசிய மனநலத் திட்டத்தின் கீழ் 1996 முதல் மாவட்ட மனநலத் திட்டம் நடந்து வருகிறது. அதன் மருத்துவரையும் உளவியலாளரையும் அணுகி, இந்நால்வருக்கும் பயிற்சி அளிக்குமாறும் மாதம் ஒருமுறையேனும் அவர்கள் பணியை மேற்பார்வையிடுமாறும் கேளுங்கள். பொறுப்புக்கு வரும் எவரையும் நன்கு விசாரித்த பிறகே அமர்த்துங்கள்.

பயிற்சியில் முதலில் கற்க வேண்டியது வாய் மூடிக் கேட்பது. அடுத்தது அடையாளங்கள். காரணம் தெரியாத தலைவலி, வயிற்றுவலி; உறக்கமும் உணவும் மாறுதல்; கூட்டாளிகளை விட்டு விலகுதல்; எதற்கெடுத்தாலும் எரிந்து விழுதல்; தான் விரும்பிய பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல்; வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு. இவற்றைக் கண்டால் அஞ்சாது நேரே கேட்க வேண்டும்: உயிரை விட்டுவிடலாம் என்று எப்போதேனும் தோன்றியதா? இப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடும் என்பது தவறான அச்சம். கேட்பவர் ஒருவர் கிடைத்தார் என்ற ஆறுதலே பெரும்பாலும் விளையும். அப்பிள்ளையைத் தனியே விடாமல், வீட்டில் ஆபத்து விளைக்கும் பொருள்களை அப்புறப்படுத்தி, அன்றே மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். 2022 அக்டோபரில் அரசு தொடங்கிய 14416 என்ற தொலைபேசி எண் இரவு பகல் எந்நேரமும் தமிழிலும் பதில் அளிக்கிறது. அந்த எண்ணை ஒவ்வொரு பள்ளிவாசலின் அறிவிப்புப் பலகையிலும், பாங்கு நேர அட்டவணைக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைக் கடும் மன அழுத்தத்திற்கு ஆளானவராகவே கருத வேண்டும், தண்டிக்கலாகாது என்று 2017 ஆம் ஆண்டின் சட்டமே கூறுகிறது. சட்டம் தண்டிக்காதவரை ஊர் தண்டிக்க வேண்டா.

அந்த அறையில் இருப்போர் மருத்துவர் அல்லர் என்பதை அவர்களே மறக்கலாகாது. மருந்து கொடுக்கவோ, மருத்துவர் கொடுத்த மருந்தை நிறுத்தச் சொல்லவோ அவர்களுக்கு உரிமையில்லை. ஹஸரத்மார்களுக்கும் ஒரு விண்ணப்பம். துயருற்ற தாய் முதலில் உங்களிடம்தான் வருகிறார். ஓதிக் கொடுங்கள், ஓதிய வாயால், "நாளைக்கே மருத்துவரிடமும் போங்கள்" என்று சொல்லுங்கள். உங்கள் ஒரு சொல் நூறு துண்டறிக்கைகளுக்குச் சமம்.

இரகசியம் இதன் உயிர். பிள்ளை சொன்னது முத்தவல்லிக்கும் போகலாகாது; நிக்காஹ் விசாரிக்க வருவோர் காதுக்கும் எட்டலாகாது. உயிருக்கு ஆபத்து நேரும்போது வேண்டியவர்களுக்கு மட்டும் சொல்லலாம். இன்னொரு விலக்கும் உண்டு; அதைச் சொல்லப் பலர் தயங்குவதால் இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையைச் சொல்லுமானால், 2012 ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். செய்தவர் மாமாவானாலும், ஆசிரியரானாலும், ஓதிக் கொடுப்பவரானாலும் சரி. ஜமாஅத்தில் கூடி உட்கார்ந்து இரு தரப்பையும் சமாதானம் செய்து வைக்கும் வேலைக்கு அங்கே இடமில்லை. கொடுமை செய்தவனின் மானத்தைக் காப்பாற்றுவதற்காகப் பிள்ளையின் மனத்தைப் பலியிடும் ஊர், எத்தனை அறைகள் கட்டினாலும் பயனில்லை.

செலவுக்கு ஸதக்காவும் வக்ஃபு வருமானமும் இருக்கின்றன. ஏழைப் பிள்ளையின் மருந்துக்கும் பயணச் செலவுக்கும் ஜக்காத் உதவும். சபரில் இருக்கும் சகோதரர்களே, உங்களுக்கும் ஒரு சொல். பள்ளிவாசல் கட்டடத்துக்குத் தாராளமாக அனுப்புகிறீர்கள், அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. உங்கள் மகனோ கைப்பேசித் திரையில் உங்களிடம் "நல்லா இருக்கேன் வாப்பா" என்று மட்டுமே சொல்கிறான். அதற்கு மேல் சொல்ல அவனுக்கு ஊரில் ஓர் இடம் வேண்டும். அதற்கும் அனுப்புங்கள்.

அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் சிறு பிள்ளை. அவர் வளர்த்த சிறு பறவை இறந்துவிட்டது. அப்பிள்ளையின் முகவாட்டத்தைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காரணம் கேட்டறிந்தார்கள்; அவரிடம் அந்தப் பறவையைப் பற்றியே பரிவோடு பேசினார்கள். ஓர் அரசின் பொறுப்பும் ஒரு மார்க்கத்தின் பொறுப்பும் தோளில் சுமந்தவர்களுக்கு ஒரு குழந்தையின் குருவித் துயரைக் கேட்க நேரம் இருந்தது. நமக்கு இல்லையாம்! இந்த ஸுன்னத்தைப் பேணாமல் எந்த ஸுன்னத்துக்காக நாம் சண்டையிட்டுக்கொண்டிருக்கிறோம்?

மருத்துவம் பர்ளு கிஃபாயா என்று எழுதியவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்). ஃபிக்ஹு விவாதங்களில் முண்டியடிப்போர் நிறைந்த ஊர்களில் முஸ்லிம் மருத்துவர் ஒருவரும் இல்லையே என்று இஹ்யாவில் அவர் வருந்தினார். ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அந்த வருத்தம் பழையதாகவில்லை. பதினாறு வயதுப் பிள்ளையின் ஜனாஸாவுக்கு முன்னே நின்று நாங்கள் நடத்திய விவாதம் அதற்குச் சாட்சி.

ஆகவே ஜமாஅத்தின் பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்த ஒன்றை எழுதுங்கள். அறைக்கு யார் பொறுப்பு, பயிற்சிக்கு யாரை அணுகுவது, எந்த நாளில் தொடங்குவது என்று முடிவெடுக்காமல் எழுந்திருக்காதீர்கள். இறந்தவருக்குச் செய்யும் கடமையை ஒரு நாளும் நாம் தவறவிட்டதில்லை. உயிரோடிருக்கும் பிள்ளைக்கும் அந்தக் கடமை உண்டு. அதைச் சிலர் செய்தால் அனைவர் கடனும் தீரும். ஒருவருமே செய்யாவிடில் மறுமையில் ஊர் முழுவதும் பதில் சொல்ல வேண்டும்.

அந்தக் கேள்விக்கு முன்னர் விழித்துக்கொள்ளும் நல்லறிவை வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக! நம் பிள்ளைகளின் நெஞ்சங்களுக்கு அமைதியைத் தருவானாக! ஆமீன்.